அத்தியாயம் 4: மினக்கேட்டுக் கணக்கு

யாழ்ப்பாணப் பேச்சில் 'மினக்கெடுதல்' என்றால் நேரத்தைப் பாழாக்குதல். பிள்ளை பாடசாலை விட்டு ஒரு மணி நேரம் பிந்தி வந்தால், "இவ்வளவு நேரமும் எங்கை மினக்கெட்டனி?" என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கும். இதே சொல் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் 'மெனக்கெடுதல்' ஆகிவிடுகிறது. அங்கே அதற்குப் பொருள், ஒருவருக்காகச் சிரமம் எடுத்துக்கொள்வது. இந்தக் கரையில் ஏச்சு, அந்தக் கரையில் நன்றி. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: வினை கெடுதல், அதாவது கையிலிருந்த வேலை கெடுவது.

நேர முகாமைத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் முதல் பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்தையும் வீணாக்காதே என்கிறார்கள். அப்படி வாழப் பார்த்தவர்கள் இரண்டு கிழமையில் களைத்துப்போய்ப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். நம் நாளில் இரண்டு வகை மினக்கேடும் இருக்கின்றன. ஒன்று நம்மிடமிருந்து பறிபோவது: காலி வீதி நெரிசலில், வரிசையில், போன் திரையில். மற்றது நாமாகக் கொடுப்பது: அம்மம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்ட கதையையே மறுபடி கேட்பது, கடற்கரையில் பிள்ளையோடு சும்மா நிற்பது. முதலாவதைக் குறைப்பது இரண்டாவதற்கு இடம் வைப்பதற்காக. இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாம் இதற்கே.

மணிக்கூட்டைத் திருப்பிய ஊர்

நேரம் என்பது வானத்திலிருந்து இறங்கிய சட்டம் அல்ல என்பது கொழும்பில் வாழ்ந்தவர்களுக்குப் பட்டறிவு. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாள்களே விடுமுறை. சந்திரன் நகர நகர ஓய்வு நாளும் கிழமை மாறி நகர்ந்தது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போக வேண்டிய கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் அதையும் வேலை நாளாகவே கண்டார்கள்.

பிறகு 1996. வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்து மின்வெட்டு வந்தபோது, அந்த ஆண்டு மே 25ஆம் திகதி அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை எங்களோடு இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம். கலியாணத்துக்கு முகூர்த்தம் சொன்னால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். ஒரு மணி நேரம் கூட்டிய அந்த மாதங்களில் சூரியன் ஏழு மணியளவில் எழும்ப, பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். இவ்வளவு செய்தும் நாள் 24 மணி நேரமாகவே இருந்தது.

2022 கற்பித்தது இன்னொரு பாடம். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. பகுதிகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயர் வைத்து அட்டவணை வெளியிட்டார்கள். அப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளில் ஒட்டியிருந்த தாள்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை மணிக்குத் தண்ணீர் மோட்டர் போடுவது, எப்போது உடுப்பு அயன் பண்ணுவது, எந்த நேரத்தில் அரைப்பது, லிப்ட் நிற்க முன் யார் போய் மரக்கறி வாங்கி வருவது என்று எல்லாம் அதில் இருந்தது. வாழ்நாளில் ஒரு நேரசூசியும் போட்டிராத வீடுகள் அன்று போட்டன, அதன்படி நடந்தும் காட்டின. மின்சாரம் திரும்பி வந்ததும் தாளைக் கிழித்துவிட்டோம். ஆகவே, "எனக்கு ஒழுங்கு வராது" என்று நாங்கள் யாரும் சொல்ல முடியாது.

முதற்படி: மூன்று நாள் கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள். இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள், ஆக மூன்று நாளுக்கு மட்டும், எழும்பியதிலிருந்து படுக்கும்வரை செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். இரவில் மொத்தமாக எழுத வேண்டாம். நினைவு நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். ஒரு வேலை முடிந்து மற்றது தொடங்கும்போது ஒரு வரி போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி. தாய்க்குக் கோட்டையில் கந்தோர் வேலை. மூத்தவள் இந்த ஆண்டு சாதாரண தரம், இளையவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். அந்தத் தாயின் வேலை நாள் இப்படி இருக்கும்:

- உறக்கம் (இரவு 10.50 – காலை 4.40): 5 மணி 50 நிமிடம்
- காலைச் சமையல், மதியச் சாப்பாடு கட்டுதல், பிள்ளைகளை அனுப்புதல்: 2 மணி
- குளித்து வெளிக்கிட: 35 நிமிடம்
- கந்தோருக்குப் பயணம்: 1 மணி 5 நிமிடம்
- கந்தோர்: 8 மணி 25 நிமிடம்
- திரும்பி வர: 1 மணி 15 நிமிடம்
- டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, கூட்டி வர: 1 மணி 40 நிமிடம்
- இராச் சமையல், சாப்பாடு, பாத்திரம்: 1 மணி 30 நிமிடம்
- போன், தொலைக்காட்சி: 1 மணி 20 நிமிடம்
- அடுத்த நாளுக்கு ஆயத்தம்: 20 நிமிடம்

கூட்டிப் பாருங்கள், சரியாக 24. பேனையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். இந்தப் பத்து வரிகளில் பிள்ளைகளோடு ஆறுதலாகக் கதைத்த வரி எது? அவளுக்கென்று இருந்த வரி எது? போனும் தொலைக்காட்சியும்தான் என்றால், அது ஓய்வு அல்ல; களைத்தவர் விழுகிற இடம்.

இரண்டாம்படி: மூன்று அடையாளம்

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். செய்தே ஆகவேண்டியதற்கு 'க' (கடமை). பறிபோனதற்கு 'ப'. விரும்பிக் கொடுத்ததற்கு 'கொ'. சில வரிகளை உடைக்க வேண்டி வரும். கந்தோரின் எட்டரை மணி முழுவதும் 'க' அல்ல. பயணத்தின் இரண்டு மணி முழுவதும் 'ப' அல்ல. யன்னலோர இருக்கையில் பாட்டுக் கேட்டபடி கடலைப் பார்த்து வந்தால் அது 'கொ' ஆகவும் இருக்கலாம். உங்கள் நாளுக்கு நீங்களே நீதிபதி.

பெரும்பாலான கொப்பிகளில் 'ப' குவிகிற இடங்கள் நான்கு: வீதி, டியூஷன், போன், சமையலறை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீதி

மேலே சொன்ன தாயின் பயணம் ஒரு நாளுக்கு 2 மணி 20 நிமிடம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 51 மணி 20 நிமிடம். ஒவ்வொரு மாதமும் இரண்டு முழு நாளுக்கு மேல் காலி வீதியில் நிற்கிறாள்.

வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு வரம் உண்டு; அதைப் பலர் மறந்துவிடுகிறோம். கடலோரமாகப் போகும் கோச்சி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நின்று நின்று போனாலும், நேரத்துக்கு வந்தால் அரை மணிக்குள் கோட்டையில் விடும். நேரத்துக்கு வராத நாள்களும் உண்டு. ஆகையால் ஒரு கிழமை கோச்சியிலும் ஒரு கிழமை 100 அல்லது 101 பஸ்ஸிலும் போய், வீட்டு வாசலிலிருந்து கந்தோர் வாசல்வரை எவ்வளவு நேரம் என்று கொப்பியில் எழுதுங்கள். கணக்குச் சொல்வதைக் கேளுங்கள்.

பஸ்தான் வழி என்றால் புறப்படும் நேரத்தை அசைத்துப் பாருங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முந்திய முக்கால் மணி நேரம் பாடசாலை வான்களால் வீதி அடைபடும். இருபது நிமிடம் முந்தியோ பிந்தியோ புறப்பட்டால் பயணம் எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். முந்திப் போனால் கந்தோரில் கிடைக்கும் அமைதியான அரை மணியில், பிறகு ஒரு மணி எடுக்கும் வேலை முடியும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கு

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. செட்டியார் தெருவிலோ புறக்கோட்டையிலோ கடை வைத்திருப்பவருக்கு வேலைத்தலம் நடை தூரம். வீதி அவரிடமிருந்து அதிகம் எடுப்பதில்லை. எல்லை இல்லாமைதான் எடுக்கிறது. கடையின் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டிய பிறகும், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தட்டுகிற வாடிக்கையாளர். சோற்றுக் கோப்பையின் முன் உட்காரும்போது மொத்த வியாபாரியின் அழைப்பு. வீடு கடைக்கு மேலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குச் சட்டமாவது உண்டு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்று வரையறுக்கிறது. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும், ஆண்டு விடுமுறை 14 நாளும் அதில் உண்டு. தனியார் கந்தோரில் வேலை செய்யும் வாசகர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆண்டு முடிவில் விடுமுறை மிச்சம் இருப்பதைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது வீட்டாருக்குச் சேர வேண்டிய நாள்கள்.

கடை முதலாளிக்கு இந்தச் சட்டம் எல்லை போடாது. அவரே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மூடும் நேரத்தை அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள். வழங்குநர்கள் அழைக்க ஒரு நேரம் சொல்லுங்கள். முதல் மாதம் முணுமுணுப்பார்கள், பிறகு அந்த நேரத்துக்கே எடுப்பார்கள். ஊரின் தாளத்தையும் கணக்கில் எடுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் திரளும். அன்று அந்தப் பக்கம் வான் அனுப்புவது பெற்றோலுக்கும் நேரத்துக்கும் கேடு. ஆடிவேல் காலத்தில் தேர் வரும் வீதிகளும் அப்படித்தான். அந்த நாள்களில் சரக்கு எடுப்பதை ஒத்திவைத்து, நீங்களும் சனத்தோடு சனமாகப் போய் நின்றுவிட்டு வருவது மேல்.

டியூஷன்

பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. அதன் பிறகுதான் கொழும்புப் பிள்ளையின் இரண்டாவது பாடசாலை தொடங்குகிறது. இங்கே இரண்டு பேருடைய நேரம் போகிறது: பிள்ளையினதும், வாசலில் காத்து நிற்கும் தாயினதும்.

தாயின் நேரத்துக்கு வழி எளிது. ஒரே வகுப்புக்குப் போகும் மூன்று பிள்ளைகளின் வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால், கூட்டிப்போய் வரும் வேலை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். "மற்றவைக்கு ஏன் கரைச்சல்" என்று நாங்களாகவே கூச்சப்படுகிறோம். கேட்டுப் பாருங்கள், அந்த இரண்டு தாய்மாரும் உங்கள் வாயிலிருந்து அது வருமா என்றுதான் காத்திருப்பார்கள்.

பிள்ளையின் நேரத்துக்கு மனத்துணிவு வேண்டும். பிள்ளைக்கும் ஒரு மூன்று நாள் கொப்பி போட்டுப் பாருங்கள். வகுப்பில் கேட்டதைத் தனியே உட்கார்ந்து செய்து பார்க்க எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? ஆறு பாடத்துக்கு டியூஷன் போய் ஒன்றையும் மீட்டிப் பார்க்க நேரமில்லாத பிள்ளையைவிட, மூன்றுக்குப் போய் மிச்ச மாலையில் தானே படிக்கிற பிள்ளை தெளிவாக இருக்கும். எந்தப் பாடம் உண்மையில் கடினம் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

போனும் மூன்று நாட்டு நேரமும்

நம்முடைய குடும்பங்கள் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மணிக்கூடுகளில் வாழ்கின்றன. அண்ணன் ரொறன்ரோவில், சித்தி லண்டனில், மச்சாள் சிட்னியில். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் எடுப்பார்கள். இங்கே அது நடுச்சாமமாகவோ சமையல் நேரமாகவோ இருக்கும். எடுக்காவிட்டால் மனவருத்தம், எடுத்தால் உறக்கம் போய்விடும்.

ஞாயிறு இரவு 7.30ஐக் குடும்ப நேரமாக அறிவியுங்கள். அப்போது ரொறன்ரோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. லண்டனில் கோடையில் பிற்பகல் 3, குளிர்காலத்தில் 2. இந்த இரு ஊரிலும் எல்லோரும் விழித்திருக்கும் நேரம், யாரும் வேலையில் இல்லாத நாள். அங்கே மார்ச்சிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், இரு நாட்டிலும் ஒரே நாளிலல்ல. அந்தக் கிழமைகளில் மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிட்னி மச்சாளுக்கு இது நள்ளிரவு. அவவுக்கு ஞாயிறு காலை 10.30 வையுங்கள், அங்கே பிற்பகல் 3 அல்லது 4 ஆக இருக்கும். நேரம் குறித்த பிறகு அழைப்பு 'ப' பக்கத்திலிருந்து 'கொ' பக்கத்துக்கு மாறிவிடும். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கதைக்கலாம்.

மிச்ச நேரத்துக்குப் போனுக்கு ராகுகாலம் வையுங்கள். நம் பெரியவர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரத்தை, "இந்தப் பொழுதில் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை" என்று அடைத்து வைத்தார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம். இரவு 8.30 முதல் 10 வரை வீட்டிலுள்ள போன்களெல்லாம் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில். அப்பாவின் போனும்தான்.

சமையலறை

விடிய 4.40க்கு இடியப்ப உரலை அமுக்குகிற கையை நினைத்துப் பாருங்கள். மா சற்று ஆறிவிட்டால் இறுகிவிடும்; இரண்டு கையாலும் பாரம் கொடுத்தால்தான் தட்டில் விழும். அவிகிற நேரத்துக்குள் சொதிக்குத் தேங்காய் துருவ வேண்டும். வீட்டில் மற்ற மூவரும் உறக்கம். இந்த இரண்டு மணி நேரத்துக்கு 'க' என்று அடையாளம் போட்டோம். ஆனால் யாருடைய கடமை?

வீட்டு நேரத்தைச் சரிசெய்யத் திறமையைவிட நியாயம் முக்கியம். முதல் நாள் இரவே தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் கணவருடைய பொறுப்பு என்று வையுங்கள். சாப்பாட்டுப் பெட்டி கழுவுவது அந்தந்தப் பிள்ளை. வெள்ளவத்தையில் மாலையானால் கடைக்குக் கடை இடியப்பமும் புட்டும் கிடைக்கிறது. கிழமைக்கு இரண்டு இரவு அங்கே வாங்குவது குற்றமல்ல. "கடைச் சாப்பாடோ?" என்று கேட்கிற மாமிக்கு அன்பாக ஒரு பதில் போதும்: "ஓம் மாமி, அந்த ஒரு மணித்தியாலம் உங்களோடை இருந்து கதைக்கத்தான்."

மூன்றாம்படி: ஒரு நாழிகை

ஒரு நாளை நாம் 24 மணியாகப் பிரிக்கிறோம். நம் முன்னோர் 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்கத்தில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது.

அறுபதில் ஒன்றை உங்களுக்கு என்று எடுத்துவையுங்கள். மேலே மிச்சம் பிடித்தவற்றைக் கூட்டினால் ஒரு நாழிகைக்குக் குறையாது. அதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மரைன் டிரைவில் நடக்கலாம். 57ஆம் ஒழுங்கைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பத்துப் பக்கம் வாசிக்கலாம். கொட்டாஞ்சேனையில் என்றால் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில், கும்பிட்டு முடித்த பிறகும் எழும்பாமல் இருக்கலாம். வாங்கிலில் சும்மா படுத்துக் கிடக்கலாம். ஒரு நிபந்தனை: அந்த நாழிகைக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. "இப்ப என்ன பிரயோசனம்?" என்று கேட்டால் அது இன்னொரு கந்தோர் ஆகிவிடும்.

நாளுக்கு ஒரு நாழிகை போல, மாதத்துக்கு ஒரு போயா. பௌர்ணமி விடுமுறை இந்த நாட்டில் எல்லோருக்கும் கிடைப்பது. வருடத்தில் 12, சில வருடங்களில் 13. இவற்றில் பாதியை மேலதிக டியூஷனுக்கும் மறுபாதியை அலுமாரி அடுக்கவும் கொடுத்துவிடுகிறோம். நாட்காட்டி வாங்கியதும் குறைந்தது ஆறு போயாவைக் குடும்பத்துக்கென்று வட்டம் போட்டுவிடுங்கள். வட்டம் போட்ட நாளில் வேறு நிகழ்ச்சி வந்தால், "அன்றைக்கு எங்களுக்கு ஒரு அலுவல் இருக்கு" என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல.

இந்தக் கிழமைக்கான பயிற்சி

1. இன்று முதல் மூன்று நாள் கொப்பி. வீட்டில் இன்னொருவரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.
2. நான்காம் நாள் இரவு 'க', 'ப', 'கொ' அடையாளம். மூன்றுக்கும் தனித்தனி மொத்தம்.
3. 'ப' வரிகளில் மிகப் பெரியதை மட்டும் எடுங்கள். ஒன்றே ஒன்று. அதைப் பாதியாக்க ஒரு மாற்றம் செய்யுங்கள்.
4. கிடைத்த நேரத்தில் ஒரு நாழிகை உங்களுக்கு. மிச்சம் வீட்டில் அதிகம் களைத்திருப்பவருக்கு.
5. ஒரு மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் எழுதி, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

'ப' குவிகிற நான்கு இடங்களையும் ஒரே கிழமையில் திருத்தப் போக வேண்டாம். அரசாங்கமே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் திருப்பிவிட்டு, அதை முழுதாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பத்து வருடம் எடுத்தது. உங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் போதும். கொப்பி வாங்கப் பிறகு போகலாம் என்று மட்டும் மினக்கெடாதீர்கள். பிள்ளையின் பழைய பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இப்போதே முதல் வரியை எழுதிவிடுங்கள்: இந்த அத்தியாயத்தை வாசித்து முடித்த நேரம்.